கன்னியம்மாவின் சர்வீஸ்

அருள்செல்விக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அம்பத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். காலையில் ஜெபத்துக்குப் பள்ளிக்கூடமே அசையாமல் நிற்கும்போது அவள் மட்டும் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பாள். மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிட்டு, டப்பாவைக் கழுவும்போதே மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுவர உள்ளே போனவள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் அம்மா ஆரோக்கியம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. அப்போது அருள்செல்விக்கு இருபத்தெட்டு வயது.

அவள் கல்லூரி நாட்களில் டென்னிகாய்ட் ஆடியவள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக எறிந்து, எதிராளி ஒற்றைக் கையால் பிடித்து, பிடித்த வேகத்திலேயே திருப்பி எறிய வேண்டிய ஆட்டம். மாநில அணிவரைக்கும் போனாள். படிப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. அதற்குமேல் அந்த ஆட்டத்துக்கு ஊரில் வழியே இல்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றை யாரும் தன்னிடம் கேட்கவே இல்லை என்கிற அரிப்பு அவளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

எண்பத்தெட்டில் பள்ளி திறந்த மாதம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளையம் எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வளையத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒல்லியாக ஒருத்தி மட்டும் இடது கையால் அதை வாங்கி, எறிந்தவள் கையைக் கீழே இறக்குவதற்குள் திருப்பி எறிந்துகொண்டிருந்தாள். அருள்செல்வி மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எறிந்து பார்த்தாள். முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள், இடுப்புக்கு நேராகப் போட்டாள். வளையம் தன் கையை விட்டுப் புறப்படுமுன்பே அந்தப் பெண்ணின் கால்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. பேர் கேட்டாள். கன்னியம்மா என்றது பெண், சற்றுக் கூச்சத்தோடு. வகுப்பில் மற்றவர்களெல்லாம் கவிதா, சங்கீதா.

அன்றைக்கு வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போதே அருள்செல்வி முடிவு செய்துவிட்டாள். இந்தக் கையை டென்னிகாய்ட்டில் விட்டால் தனக்கு ஆனதுதான் அதற்கும் ஆகும். டென்னிஸ் என்றால் பேப்பரில் போடுகிறார்கள், ஊர் ஊராகப் போட்டி வைக்கிறார்கள், வேலைகூடக் கொடுக்கிறார்கள். அதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அருள்செல்விக்கு டென்னிஸ் தெரியாது.

பாடியில் ஒரு தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸுக்குள் மண் கோர்ட் ஒன்று இருந்தது. சாயங்காலம் அதிகாரிகள் ஆடுவார்கள். காலையில் காக்கை குருவிதான். கிளப் செயலாளர் ஜம்புலிங்கத்தின் மகள் இவள் பள்ளியில் படித்தாள். அருள்செல்வி அவரிடம் போய்க் கேட்டாள். கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவைப்பதாக இருந்தால் காலை நேரத்தில் ஆடிக்கொள்ளலாம் என்றார். தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய மர மட்டையையும் இறக்கிக் கொடுத்தார்.

அடுத்து, பெண்ணின் அப்பாவைப் பார்க்க வேண்டியிருந்தது. எத்திராஜ் மண்ணூர்பேட்டையில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது பட்டறைகள் ஓடின. அவர் எருமையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, “பந்து அட்ச்சி இன்னா டீச்சரம்மா ஆவப்போவுது?” என்றார்.

“தெரியலைங்க,” என்றாள் அருள்செல்வி. வேறென்ன சொல்வதென்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

எத்திராஜ் குவளையைக் கீழே வைத்தார். “இந்த ஊட்டுக்கு வர்ற ஆளுங்கல்லாம் எல்லாம் தெரியும்னு சொல்லிகினுதான் வந்தானுங்க. நெலத்த வாங்கிகினு போனவன்லேந்து. தெர்லன்னு சொல்ட்டு வந்தது நீங்கதான். இட்டுகினு போங்க,” என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் கன்னியம்மாதான் பால் ஊற்றுவாள். அது நிற்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு விடிகாலையும் அருள்செல்வியின் சைக்கிள் கேரியரில் பெண்ணும் மட்டையும், இரண்டு கைப்பிடியிலும் பால் தூக்குமாகப் பாடிக்குப் போனார்கள். பாலை ஊற்றிவிட்டு வந்து ஆடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்செல்வி ரயிலும் பஸ்ஸும் மாறி நகரத்துக்குள் போவாள். அங்கே ஒரு பெரிய கிளப்பில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பி வேலிக்கு வெளியே நடைபாதையில் நின்று பார்ப்பாள். மட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கிறார்கள், கை எங்கே போய் முடிகிறது என்பதையெல்லாம் கண்ணால் அள்ளிக்கொண்டு வந்து திங்கட்கிழமை காலையில் கன்னியம்மாவுக்குச் சொல்வாள். பெண் அதை அன்றைக்கே பிடித்துக்கொள்ளும். புதன்கிழமை வந்தால் அருள்செல்வியிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. வியாழனும் வெள்ளியும் சனியும் அவளுக்கு ஓடாது. இந்தப் பெண் தன்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடிப்போய் அங்கேயே நின்று தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகப் பறப்பாள்.

வேலிக்குள் ஆடியவர்கள் எல்லோரும் வலது கைக்காரர்கள். இடது கைக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சோற்றுக் கரண்டியை ஓங்கிப் பார்ப்பாள். கண்ணாடிக்குள் இருப்பவள் இடது கையால் ஓங்குவாள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள். சர்வீஸ் போடுவதை, பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப்போட்டு அடிப்பதை, அப்படித்தான் கன்னியம்மாவுக்குக் கொடுத்தாள். கதவோரம் நின்று பார்த்த ஆரோக்கியம்மாள் மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இரண்டே வருஷத்தில் கன்னியம்மா மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். தாய் நாகம்மாள் தைத்துக்கொடுத்த, முழங்காலைத் தொடும் வெள்ளைப் பாவாடையில் அவள் கோர்ட்டுக்குள் இறங்கும்போது மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். ஆனால் அருள்செல்வி ஒரு மேட்சையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்கியதும் எழுந்துவிடுவாள். கோர்ட்டைச் சுற்றுவாள், வெளியே போவாள், டீக்கடை வரைக்கும் போய் டீ குடிக்காமல் திரும்புவாள். கைதட்டல் கேட்டால் யாருக்கு என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள்.

பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாநிலப் போட்டி சென்னையிலேயே நடந்தது. அரையிறுதியில் முதல் செட் கன்னியம்மாவுக்கு. இரண்டாவது செட்டில் ஜெயிக்க வேண்டிய நிலையில் வரிசையாகத் தவறு செய்தாள். ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும் தலையை அங்கும் இங்கும் திருப்பி எதையோ தேடினாள். மூன்றாவது செட் போனதே தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் அருள்செல்வி பேக்ஹேண்ட் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். வில்லிவாக்கம் தாண்டியதும் கன்னியம்மா இடைமறித்தாள்.

“டீச்சர், நீங்க ஒரு எடத்துல இருங்களேன்.”

“நான் எங்க இருந்தா உனக்கென்ன?”

“ஒரு பந்து போனா உங்களப் பாக்குறேன். மரத்தாண்ட இருக்கீங்க. அடுத்த பந்துக்கு அங்க இல்ல. எங்க போனீங்கன்னு தேடுறதுக்குள்ள அவ சர்வீஸ் போட்டுட்றா.”

அருள்செல்வி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கொரட்டூர் வந்தது. அவள் காலடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டே வந்தாள். தன் பதைப்பு தனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

அந்த மேட்சைப் பால்ராஜ் என்கிறவர் பார்த்திருந்தார். அவள் ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே நின்று பார்த்த அதே கிளப்பில் பயிற்சியாளர். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், அதிகம் பேசாதவர். அடுத்த ஞாயிறு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, உள்ளே வரச் சொன்னார். கன்னியம்மாவின் கண்ணும் காலும் கையும் தனக்குப் பல வருஷமாகக் கிடைக்காதவை என்றார். பிறகு சர்வீஸைப் பற்றிச் சொன்னார். பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப்போடுகிறாள், முதுகை வளைத்துத் தோளால் அடிக்கிறாள். இப்படியே விட்டால் இரண்டொரு வருஷத்தில் தோள் போய்விடும். முழுக்கப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதுவரைக்கும் எல்லோரிடமும் தோற்பாள், பரவாயில்லை. ஃபீஸ் வேண்டாம்.

அருள்செல்வி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். கடைசியாக அவர், “நீங்க கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம். அவ பந்தைப் பாத்து ஆடணும். உங்களப் பாத்து ஆடறா,” என்றார்.

அதற்கும் சரி என்றாள்.

காலையில் கன்னியம்மா பால் ஊற்றிவிட்டுத் தனியாக பஸ் பிடித்து நகரத்துக்குப் போனாள். அருள்செல்வி அதே நேரத்துக்கு எழுந்து, அதே சைக்கிளில் பாடிக்குப் போனாள். கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்தாள், உருளை இழுத்தாள், கோடு போட்டாள். ஆட ஆளில்லாத கோர்ட்டைச் சுற்றி நடந்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். பள்ளியில் டென்னிகாய்ட், கோகோ, த்ரோபால் என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஆரம்பித்து ஒன்றையும் முடிக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கலையும் கூட்டத்துக்கு எதிராகக் காரணமில்லாமல் சைக்கிள் மிதித்தாள்.

அந்த நாட்களில்தான் கரையான்சாவடியில் இரும்புக்கடை வைத்திருந்த பிரகாசம் என்பவரின் சம்பந்தம் ஒன்று, ஜாதகம் பார்க்காமல், மாதா கோயில் வழியாக வந்தது. நல்ல மனிதர். மெதுவாகப் பேசினார். அருள்செல்வி சம்மதம் சொன்னாள். ஆரோக்கியம்மாள் அழுதேவிட்டாள். இரண்டு நாள் கழித்து அருள்செல்வி தானே சைக்கிளில் கரையான்சாவடிக்குப் போய், ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தவரிடம் தனக்கு இப்போது மனசு எதிலும் நிற்கவில்லை, இப்படி வந்து உங்கள் வீட்டில் இருந்தால் உங்களையும் கெடுத்துவிடுவேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், சோடா வாங்கிவரச் சொன்னார். அவள் சோடா வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

போகக் கூடாது என்று வைத்திருந்தும் ஒருநாள் கிளப்புக்குப் போனாள். நடைபாதையில் வேலியை ஒட்டியிருந்த மரத்துக்குப் பின்னால் நின்றாள். கோர்ட்டின் ஓரத்தில் கன்னியம்மா தனியாக நின்று, மட்டையே இல்லாமல், பந்தை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். போடுவாள், பிடிப்பாள், மறுபடி போடுவாள். நடுநடுவே புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது அருள்செல்விக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேலியைப் பிடித்த கையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அவள் பாடி கோர்ட்டுக்குப் போனபோது கன்னியம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிப் பால் தூக்கு. அவள் அன்றைக்கு நகரத்துக்குப் போகவில்லை. இனிமேலும் போகப்போவதில்லை என்றாள். சார் நல்லவர்தான், திட்டுவதில்லை. ஆனால் காரில் வந்து இறங்குகிற பெண்கள் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள். அவர்களிடமெல்லாம் தோற்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் இவள் ஒரு கேம்கூடக் கொடுக்காமல் ஜெயித்த பெண்ணிடம் நேற்றுத் தோற்றாள்.

“பழைய சர்வீஸே போதும் டீச்சர். அதுலதான ஜெயிச்சோம்? நீங்களே சொல்லிக் குடுங்க.”

அருள்செல்விக்கு உள்ளே குப்பென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. இத்தனை மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. உடனே அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே பயமாகவும் இருந்தது. பந்தை எடுத்துக் கொடுத்து, பழையபடியே போடச் சொன்னாள்.

கன்னியம்மா போட்டாள். பந்து வலையில் விழுந்தது. மறுபடி போட்டாள், கோட்டைத் தாண்டி வெளியே போனது. பந்து இப்போது தலைக்குப் பின்னால் போக மறுத்தது. முன்னாலும் ஒழுங்காக வரவில்லை. கை பழையதை மறந்துவிட்டிருந்தது, புதிதை இன்னும் பிடிக்கவில்லை. ஒரு கூடைப் பந்தும் தீர்ந்தபோது கன்னியம்மா மட்டையை மண்ணில் போட்டுவிட்டு நின்றாள்.

“திரும்பிப் போக வழியில்ல, பாத்தியா,” என்றாள் அருள்செல்வி. “வா, போலாம்.”

இருவரும் பஸ் ஏறினார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கிளப்பில் பால்ராஜ் பந்துக்கூடையோடு கோர்ட்டுக்குள் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அவர் பேசுமுன் அருள்செல்வி பேசிவிட்டாள்.

“நான் கண்ணாடியப் பாத்துத் தப்பாக் கத்துக்கிட்டேன் சார். அதத்தான் அவளுக்குக் குடுத்தேன். எனக்கும் சேத்துச் சொல்லிக் குடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா மாத்திக்கறோம்.”

பால்ராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். புடவையையும், பஸ் ஓட்டத்தில் கலைந்த தலையையும், கையில் இருந்த பழைய மர மட்டையையும் பார்த்தார்.

“அந்த மட்டை வேண்டாம்,” என்றார். “உள்ள வேற இருக்கு. நாளைக்கு பேன்ட் போட்டுக்கிட்டு வாங்க.”

அப்படித்தான் முப்பத்தொரு வயது விளையாட்டு டீச்சர், தம்பியின் பழைய பேன்ட்டை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பந்தை மேலே போட்டுப் பிடிக்க ஆரம்பித்தாள். காரில் வந்த பெண்களுக்குச் சிரிக்க இப்போது வேறு ஆள் கிடைத்தது. அருள்செல்விக்கு அது உறைக்கவில்லை. அவள் முழுக் கவனமும் பந்தில் இருந்தது. தப்பாகக் கற்ற கை அவளுடையதும்தான். கன்னியம்மாவைவிட அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கன்னியம்மா அவளுக்கு விளக்குவாள். முழங்கையை மடக்காதீங்க டீச்சர், பந்தத் தூக்கிப் போடாதீங்க, அலமாரி மேல வெக்கிற மாதிரி வெச்சுட்டு வாங்க என்பாள். அருள்செல்விக்குச் சில நாள் எரிச்சல் வரும். தெரியும் தெரியும் என்பாள். மறுநாள் அவள் சொன்னபடியே செய்வாள்.

அடுத்த கோடையில் கன்னியம்மாவின் சர்வீஸ் வந்தது. எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு காலையில் அவள் போட்ட பந்து கட்டத்துக்குள் விழுந்து, இடது கைக்காரிகளுக்கே உரிய வளைவோடு கோர்ட்டை விட்டு வெளியே ஓடியது. எதிரே நின்ற பெண் மட்டையை நீட்டிக்கொண்டு வேலிவரைக்கும் போனாள். பால்ராஜ் இன்னொரு பந்தை எடுத்துக் கொடுத்தார். அடுத்த கோர்ட்டில் நின்ற அருள்செல்விக்குக் கண்ணில் நீர் வந்தது. அதோடு கூடவே கூர்மையாக ஒரு பொறாமையும் வந்தது. அந்தப் பந்தைத் தான் போட்டிருக்க வேண்டும் என்று இருந்தது. அதை ஒளித்துவைக்கத் தோன்றாமல் அன்றைக்கு பஸ்ஸில் கன்னியம்மாவிடமே சொன்னாள். கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

கன்னியம்மா பெரிய ஆட்டக்காரியாக ஆகிவிடவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றாள். கல்கத்தாவிலும் டில்லியிலும் ஆடினாள். இரண்டாவது சுற்றுக்கு மேல் போக முடியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் வருஷமெல்லாம் ஆடுகிறவர்கள், வெளிநாடு போய் வருகிறவர்கள். தொண்ணூற்றைந்தில் ஒரு வங்கி விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை கொடுத்தது. எத்திராஜ் எருமைகளைக் குறைத்துக்கொண்டார். மகளின் முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து அருள்செல்வியிடம், “அன்னிக்கி தெர்லன்னீங்களே டீச்சரம்மா, இப்பவாச்சும் தெரிதா?” என்றார். இப்பவும் தெரியவில்லை என்றுதான் அவள் சொன்னாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

அருள்செல்வி பள்ளி வேலையை விடவில்லை. சனி ஞாயிறுகளில் ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு சிமெண்ட் தரையில் வலை கட்டிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தாள். ராணுவக்காரர் பிள்ளைகளும் வந்தார்கள், கீரை விற்கிறவர் பிள்ளைகளும் வந்தார்கள். இடது கைப் பிள்ளை யாராவது வந்தால் கன்னியம்மாவைக் கூப்பிட்டனுப்புவாள். ஆரோக்கியம்மாள் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தனுப்பினாள்.

தொண்ணூற்றாறில் ஆவடியில் பெண்களுக்கான திறந்த போட்டி ஒன்று வைத்தார்கள். கன்னியம்மா ஒற்றையர் ஆட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, இரட்டையருக்கும் கொடுத்துவிட்டாள், கூட்டாளியாக அருள்செல்வியின் பேரைப் போட்டு. இவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அருள்செல்விக்கு அப்போது முப்பத்தாறு வயது; டென்னிஸில் அதுதான் முதல் போட்டி.

எதிர்த்து ஆடியவர்கள் கல்லூரிப் பெண்கள். அருள்செல்வி முதல் சர்வீஸையே வலையில் அடித்தாள். இரண்டாவது உள்ளே விழுந்தது. கன்னியம்மா வலையோரம் நின்று முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி அடுத்தது எந்தப் பக்கம் என்று சொன்னாள். ஆட்டம் ஏறிக்கொண்டே போனது. இடப்பக்கம் நின்றவள் வலது கை, வலப்பக்கம் நின்றவள் இடது கை. இருவருடைய பலமும் கோர்ட்டின் நடுவில் இருந்தது. அதைக் கவனிக்காத எதிராளி நடுவிலேயே வேகமாக ஒன்றை அடித்தாள். பந்து இருவருக்கும் சரிபாதித் தூரத்தில் வந்தது. யார் எடுப்பது என்று அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை.

“என்னுது,” என்றாள் கன்னியம்மா.

“என்னுது,” என்று அருள்செல்வியும் ஓடினாள்.